என் மகளின் பங்கு வெயில்

இருபது வருடமாக நான் அறிவியல் ஆசிரியர். இத்தனை வருடத்தில் அறிவியலுக்கு நேரடியாக நான் ஆற்றிய தொண்டு ஒன்றுதான்: நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு கண் ஆராய்ச்சியைக் கெடுக்கப் பார்த்தேன். கடைசியில் அது கெடவில்லை. அதற்கும் நான் காரணமில்லை.

என் மகள் இலக்கியா அப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டாயிற்று. கிட்டப்பார்வை. ஒவ்வொரு வருடமும் பவர் ஏறிக்கொண்டே போனது. கடலூரில் அவள் படித்த பள்ளிக்கு ஒரு கண் ஆராய்ச்சிக் குழு வந்தபோது, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவன் நான். குழுவின் தலைவி டாக்டர் ஜெசிந்தா. சொந்த ஊரே கடலூர்தான் என்பதால் பெற்றோரிடம் பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுவார்.

"கிட்டப்பார்வைன்னா, உருண்டையா இருக்க வேண்டிய கண்ணு நீளமா வளந்துடுதுன்னு அர்த்தம். பகல் வெளிச்சத்துல ஜாஸ்தி நேரம் இருக்கற புள்ளைங்களுக்கு இது வர்றது குறையுதுன்னு நெறைய ஊர்ல பாத்துருக்காங்க. ஆனா ஏற்கெனவே கண்ணாடி போட்ட புள்ளைங்களுக்கு எவ்ளோ ஒதவும்னு இன்னும் தெளிவாத் தெரியல. அதத்தான் பாக்கப் போறோம்" என்றார்.

செய்ய வேண்டியது சுலபம். விடுமுறை நாட்களில் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். மொட்டை வெயில் வேண்டாம், மரநிழல் போதும், அதுவே வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். சட்டையில் குத்திக்கொள்ள நெல்லிக்காய் அளவில் ஒரு கருவி தந்தார்கள். எவ்வளவு வெளிச்சம் பட்டது, பிள்ளை எவ்வளவு அசைந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் அது பதிந்துகொள்ளும். என்ன விளையாடினாள் என்று நாங்கள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். கைபேசியில் ஒரு செயலி; இரண்டு மணி நேரம் ஆனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வருடத் தொடக்கத்தில் கண்ணின் நீளத்தை அளந்தார்கள், வருட முடிவில் மறுபடி அளப்பார்கள்.

காலாண்டு விடுமுறை வந்தது. முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் சிவப்பு. காரணம் எனக்குத் தெரியும். காலையில் அபாகஸ், பிறகு இந்தி, மத்தியானம் கையெழுத்துப் பயிற்சி, சாயங்காலம் கீபோர்டு. எல்லாம் நான் சேர்த்துவிட்டதுதான். (கையெழுத்துக்கு எதற்கு விடுமுறையில் வகுப்பு என்று கேட்காதீர்கள். என் மனைவியும் கேட்டாள்.)

பெற்றோர் வாட்ஸப் குழுவில் மற்றவர்கள் பச்சைப் பச்சையாகப் படம் போட்டார்கள். ஒருவர் கீழே கைதட்டும் பொம்மையெல்லாம் போட்டார். அறிவியல் வாத்தியார் வீட்டில் மட்டும் சிவப்பு.

என் மனைவி கலைச்செல்விக்குச் சொந்த ஊர் கிள்ளை. "பேசாம எங்கூருக்கு அனுப்பிடலாங்க. நாளு பூரா வெளியதான் சுத்தும்" என்றாள்.

"அபாகஸ் ரெண்டாவது லெவல் பரிச்சை இருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் கருவியை மொட்டைமாடிக் கொடியில் துணிக் கிளிப்போடு மாட்டினேன். வெளிச்சம் ஏகமாக ஏறியது. ஆனால் சாயங்காலம் செயலி கேட்டது: 'குழந்தை தூங்குகிறதா?' அசைவும் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மச்சான் கதிர் ஞாபகத்துக்கு வந்தான். கலைச்செல்வியின் தம்பி. பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போடுகிறவன். காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம், ஓயாத அசைவு. மறுநாள் அவன் கடலூருக்கு வந்தபோது தனியாக அழைத்துப்போய்க் கருவியைக் கையில் கொடுத்தேன்.

"சட்டையில குத்திக்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஒன் போன்ல இந்த ஆப்பைப் போட்டுத் தர்றேன்."

"பாப்பாவுக்குக் குடுத்தத நான் மாட்டிக்கணுமா? இன்னா மாமா இது?"

"ஒரு சின்ன உதவி மச்சான். அக்காகிட்ட சொல்லாத."

"சரி மாமா" என்று வாங்கிக்கொண்டான். மாமா கேட்டால் மறுக்க மாட்டான். அதுவே வினையாயிற்று.

அன்று முதல் எங்கள் வீட்டில் பச்சை. நானும் கைதட்டும் பொம்மை போட்டேன். நோட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கற்பனை வளத்தோடு எழுதினேன். 'கோகோ.' 'பாண்டி.' 'பட்டாம்பூச்சி பிடித்தல்.' அரையாண்டு விடுமுறைக்கும் கருவி கிள்ளைக்குப் போனது, கோடை விடுமுறைக்கும் போனது. இலக்கியாவிடம், "அது ரிப்பேருமா, மாமாகிட்ட குடுத்திருக்கேன்" என்றேன். கலைச்செல்வியிடமும் அதையே சொன்னேன். இலக்கியா அபாகஸில் மூன்று லெவல் தாண்டினாள்.

ஜூன் மாதம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம். கடலூர், சிதம்பரம் இரண்டு பக்கத்துப் பள்ளிகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். முந்தின வாரம்தான் பிள்ளைகளுக்குக் கண் அளந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. டாக்டரே போன் செய்து, "சார், நீங்க அவசியம் பேசணும்" என்று சொல்லியிருந்தார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். கிள்ளை பக்கத்தில்தானே என்று கலைச்செல்வி தம்பியையும் வரச்சொல்லியிருந்தாள். அவன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். நான் பேசினேன். இன்றைய பெற்றோர் பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைத்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டேன். மண்ணில் விளையாடாத பிள்ளை பிள்ளையே அல்ல என்றேன். (அந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. இன்றும் நடுச்சாலையில் திடீரென்று அது நினைவுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.) இலக்கியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசி முடித்தேன்.

டாக்டர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார்.

"இது இலக்கியாவோடது. நம்ம ஆராய்ச்சியிலேயே இவ்ளோ நேரம் வெளிய இருந்த புள்ள வேற யாருமில்ல. காலைல ஆறரைக்குக் கெளம்புனா பொழுது சாய்ஞ்சிதான் வீட்டுக்கு வருது. ஒரு நிமிசம் சும்மா ஒக்காரல. எனக்குப் புரியாதது இதுதான் சார்." சிறு சிறு முள்ளாக எழுந்து விழும் ஒரு கோட்டைக் காட்டினார். "உடம்பு விட்டு விட்டுக் கீழ போவுது, மேல வருது. மணிக்கணக்கா. இது என்ன வெளையாட்டு?"

துடுப்புப் போடும்போது அப்படித்தான் உடம்பு குனிந்து நிமிரும் என்று நினைத்துக்கொண்டேன். "கூழாங்கல் பொறுக்குவா மேடம்" என்றேன்.

"டிசம்பர்ல ஒருநாள் காலைலேருந்து கருவி இருட்டுலயே இருக்கு. அன்னைக்கு விடாத மழை. நோட்டுல 'மைதானத்தில் ஓட்டப்பந்தயம்'னு எழுதிருக்கீங்க."

"வீட்டுக்குள்ளயே ஓடுனா மேடம். கரண்ட் இல்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் கையில் மைக் இருந்தது.

"உங்களத் தனியாக் கூப்பிட்டு சொல்லணும்னுதான் இருந்தேன். இப்பவே சொல்லிடறேன். இவ்ளோ வெளிச்சத்துல இருந்தும், எல்லாப் புள்ளைங்களவிட இந்தப் புள்ளைக்குத்தான் கண்ணு ஜாஸ்தி நீண்டிருக்கு. இப்படி நடக்கறது சரியில்ல. விழித்திரையில வேற ஏதாவது பரம்பரை நோய் இருக்கலாம். சென்னைக்கு எழுதித் தர்றேன். பெரிய டெஸ்ட் எல்லாம் எடுக்கணும். பயப்படாதீங்க."

கலைச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். இலக்கியா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். புதுச்சட்டையும், முன்வரிசையும், வாட்ஸப் குழுவும் நினைவுக்கு வந்தன. வாயை மூடினேன். மிஞ்சிப்போனால் ஐந்து விநாடி இருக்கும். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், மேடையில் பேசிய பேச்சு இரண்டாவதாகத்தான் வரும். முதலாவது அந்த ஐந்து விநாடி.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டாக்டரம்மா! பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கதிர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அது பாப்பா இல்லீங்க. எங்க வூட்டு ஆடு."

மண்டபமே திகைத்தது. நானும்தான். ஏனென்றால் எனக்கே அது புதுச் செய்தி.

"எந்த ஆடு?" என்றார் டாக்டர்.

"வெள்ளாடுங்க. மாமா என்னைத்தான் மாட்டிக்கச் சொன்னாரு. படகுல தண்ணி பட்டுக் கெட்டுடுமேன்னு பயம். மேல லைப் ஜாக்கெட் வேற போடுவோமா, மறைச்சிக்கும். ஆடுன்னா நாளு பூரா வெளியதான மேயும்னு கழுத்துக் கயித்துல கட்டிட்டேன். குனிஞ்சி நிமுந்தது மேயறதுங்க. மழையன்னைக்கு கொட்டாயில கட்டிப்போட்டேன்." பிறகு என்னைப் பார்த்தான். "மன்னிச்சிக்க மாமா. புள்ளைக்கு சீக்குன்றாங்க. எப்டி சும்மா இருக்கறது?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அதன்பிறகு சிரிக்காதவர்கள் நாலே பேர்: நான், கலைச்செல்வி, கதிர், டாக்டர் ஜெசிந்தா. இலக்கியா சிரித்தாள். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, திரையில் இருந்த வரைபடத்தை முதல் முறையாக உற்றுப் பார்த்தாள்.

"மாமா, இது எது? செவலையா, கருப்பியா?"

"கருப்பி பாப்பா."

கூட்டம் முடிந்ததும் டாக்டர் என்னை வெளியே தூணோரம் அழைத்துப் போனார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீங்க எங்கிட்ட பொய் சொன்னத விடுங்க சார். இந்தக் கணக்கு உள்ள போயிருந்தா, வெளிய அனுப்பியும் பிரயோசனம் இல்லன்னு நாங்க எழுதியிருக்கக்கூட வாய்ப்பு உண்டு. அத நம்பி யாரோ ஒரு அப்பா, அவர் புள்ளைய வெளிய அனுப்பாம இருந்திருப்பாரு."

நான் தலையாட்டினேன்.

"இலக்கியாவ ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டேன். வைத்தியம் நான் பாக்கறேன். கண்ணு வளர்றத மட்டுப்படுத்த சொட்டு மருந்து இருக்கு, படுக்கப்போறப்போ ஒரு சொட்டு. ஆனா ரெண்டு மணி நேரம் வெளிய போறது கட்டாயம். யாரு போகணும்னு புரியுதுல்ல?"

புரிந்தது.

கலைச்செல்வி மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளாமல், மகளோடு தம்பியின் வண்டியில் ஏறிக் கிள்ளைக்குப் போய்விட்டாள். பள்ளி திறந்து இரண்டாவது வாரம்தான்; ஒரு வாரம் லீவு போட வேண்டியிருந்தது. லெட்டரை நான்தான் எழுதினேன். நான் தனியாகக் கடலூர் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனதும் அபாகஸ், இந்தி, கையெழுத்து, கீபோர்டு நான்குக்கும் போன் செய்து இனி வரமாட்டாள் என்றேன். கையெழுத்து வாத்தியார் மட்டும் காரணம் கேட்டார். "வெயில் பத்தல சார்" என்றேன். கடலூரில், ஜூன் மாதத்தில். அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் பவர் கொஞ்சம்தான் ஏறியது. அதற்கடுத்த வருடம் ஏறவே இல்லை. வெயிலாலா, மருந்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒரே ஒரு புள்ளைய வச்சி அதச் சொல்ல முடியாது சார். இதுகூடவா அறிவியல் வாத்தியாருக்குச் சொல்லணும்?" என்றார்.

எங்கள் சொந்தத்தில் எனக்கு 'ஆட்டு வாத்தியார்' என்று பெயர் வந்து ஐந்து வருடமாகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "சார் சாப்புட வந்துருக்காரா, வேற யாரையாவது அனுப்பிருக்காரா?" என்று கேட்காமல் இலை போடுவதில்லை. இந்த வருடம் இலக்கியா பத்தாம் வகுப்பு எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று கிள்ளைக்குப் போன் போட்டுக் கதிரிடம் மார்க்கைச் சொன்னேன். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.



"சந்தோசம் மாமா" என்றான் கதிர். "யாரு கேட்டாலும் தைரியமா சொல்லு. பரிச்சை நடந்த அத்தினி நாளும் கருப்பி இங்கதான் இருந்துச்சு. நான் சாட்சி."