இருநூற்றுப் பன்னிரண்டு எழுதிக்கொள்வது

"அந்தப் புத்தகம் எங்கம்மா?"

"எந்தப் புத்தகம்?"

"புதுசா வந்த சஸ்பென்ஸ் நாவல். அட்டையில சாவி போட்டிருக்குமே, அது. நேத்துதான் திருப்பிக் கொடுத்தேன்."

நூலகத்தம்மா பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "படிச்சு முடிச்சுட்டுத்தானே கொடுத்தீங்க? மறுபடி எதுக்கு? ஒரே ராத்திரியில கொலைகாரன் மாறிட்டானா?"

கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். "இல்ல... ஒரு சின்ன சந்தேகம்."

"அப்ப சந்தேகத்தோடயே இருங்க. போலீஸ்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

ஊரில் அத்தனை பேர் இருக்க, அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்! வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும், பால்காரர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வாக்குமூலம் வாங்குகிற மனிதர் அவர்.

விஷயம் இதுதான். அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாவலின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். அதற்குக் கருத்துச் சீட்டு என்று பெயர். படித்தவர்கள் தங்கள் கருத்தை நாலு வரியில் எழுதலாம். பெயர் எழுதக்கூடாது, உறுப்பினர் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று நூலகத்தம்மா யாருக்கும் சொல்லமாட்டார். முன்பெல்லாம் படித்தவர்கள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, படிக்காதவர்களிடம் முடிவைச் சொல்லி அடிதடி ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்தச் சீட்டு.

கண்ணாடிக்காரர் இருநூற்றுப் பன்னிரண்டு. கடைவீதி முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அக்கா பத்து வருடம் பெண் பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் அவளே அலுத்துப்போய், "உனக்குன்னு ஒருத்தி இருந்தா அவளே வருவாடா" என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளின் பரீட்சையைக் கவனிக்கப் போய்விட்டாள். கடைக்கு மேலேயே ஒற்றை அறை. சாப்பிடும்போது தண்ணீர் ஜாடியில் சாய்த்து ஒரு நாவலை நிறுத்திவைத்துக்கொள்வார். எதிரில் ஒரு முகம் வேண்டுமே, அதற்காகத்தான்.

அப்படி ஒருநாள் ஒரு காதல் நாவலின் கடைசிப் பக்கத்தில்தான் நாற்பத்தேழைச் சந்தித்தார்.

'கதாநாயகன் நாற்பது பக்கத்துக்கு விமான நிலையத்தில் ஓடுகிறான். ஒரு போன் செய்திருந்தால் எல்லாரும் சீக்கிரம் தூங்கப் போயிருக்கலாம். — 47.'

கண்ணாடிக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிவிட ஆளில்லாததால் தானே தட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாற்பத்தேழு படித்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்தார். ஒரு துப்பறியும் கதைக்கு: 'தோட்டக்காரரை அறிமுகப்படுத்தும்போதே மிக நல்லவர் என்கிறார் ஆசிரியர். அப்போதே பிடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்குத்தான் இன்னும் இருநூறு பக்கம் தேவைப்பட்டது.' இன்னொன்றுக்கு: 'நாயகியின் கூந்தல் காற்றில் பறக்கிறதாம். நானும் பெண்தான். காற்றடித்தால் என் முடி வாய்க்குள்தான் போகிறது.'

ஆக, பெண்! கண்ணாடிக்காரர் அன்று ஒரு வாடிக்கையாளருக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு மழைநாளில் படித்த காதல் நாவலின் சீட்டில் இப்படி இருந்தது: 'இந்தக் கதையில் எல்லாரும் எல்லாரையும் காதலிக்கிறார்கள். உயிரை விடுகிறேன் என்கிறார்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கிற கதை வந்தால் யாராவது சொல்லுங்கள். — 47.'

அவர் வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் அப்படி யாரும் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. பேனாவை எடுத்து அதன் கீழேயே எழுதினார்: 'சாப்பிட்டீர்களா? — 212.'

மூன்று வாரம் கழித்து வேறொரு நாவலில் பதில் வந்தது. 'சாப்பிட்டேன். நீங்கள்? — 47.'

'நீங்கள்?' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் ஓட்டினார். அவர் கேட்பதும், அவள் பதில் சொல்வதும், நடுநடுவே இருவரும் சேர்ந்து நாவலாசிரியர்களை ஒரு பிடி பிடிப்பதுமாக ஏழு மாதம் ஓடியது. பொடிப்பொடியான எழுத்து அவளுக்கு. எறும்பு ஊர்ந்தமாதிரி இருக்கும். 'பதினெட்டு வருஷமா கண்ணாடி விக்கிறேன். இவ்வளவு பொடியா எழுதறவங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை. கண்ணு தங்கம்' என்று தொழில்முறையில் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கண்ணை ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கினார்.

ஏக்கம் முற்றிப்போய், சாவி அட்டை நாவலின் சீட்டில் துணிந்து எழுதிவிட்டார்: 'இந்த மாதக் கடைசி வெள்ளி, மாலை ஐந்தரை, மூன்றாம் அலமாரி. என் கையில் நீல அட்டை நாவல் இருக்கும். வருவீர்களா?'

காதல் கதை ஒன்று முடித்தால் அடுத்தது சஸ்பென்ஸ் எடுப்பது நாற்பத்தேழின் வழக்கம். கணக்குப்படி அவள்தான் எடுத்திருக்க வேண்டும். நடுவில் போலீஸ்காரர் புகுந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் ஓட்டமும் நடையுமாக அவர் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, அந்தச் சாவி அட்டை நாவல்... முடிச்சுட்டீங்களா?"

"ஏன்?" போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ஏன் அவ்வளவு அவசரம்?"

"சும்மாதான்..."

"சும்மா யாரும் இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வரமாட்டான். உக்காரு. நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"

அரைமணி நேர விசாரணைக்குப் பிறகு, வெறுங்கையோடு வெளியே வந்தார். அவர் வந்து போனதாலேயே போலீஸ்காரர் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். இரண்டு நாள் கழித்துப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பியபோது, சீட்டில் கொட்டை எழுத்தில் ஒரு சேர்க்கை இருந்தது: 'இந்தச் சந்திப்பில் ஏதோ சூது இருக்கிறது. நானும் வருகிறேன். — 9.'

அதை அழிக்க ரப்பரைத் தேடுவதற்குள் அடுத்தவர் எடுத்துப்போய்விட்டார்.

சரி, இதை இப்படியே விடக்கூடாது என்று கண்ணாடிக்காரர், நாற்பத்தேழு கட்டாயம் எடுப்பாள் என்று தோன்றிய ஒரு காதல் நாவலில் எழுதினார்: 'சாவி அட்டைப் புத்தகத்தில் நான் எழுதியதை யாரும் பொருட்படுத்த வேண்டாம். — 212.'

புத்திசாலித்தனமாகச் செய்வதாக அவருக்கு நினைப்பு! பொருட்படுத்த வேண்டாம் என்றால் எந்த மனிதன் சும்மா இருப்பான்? அடுத்த வாரம் சாவி அட்டைப் புத்தகத்துக்குப் பதினான்கு பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்.

"என்ன மாயமோ தெரியல," என்றார் நூலகத்தம்மா. "கதையைப் படிக்கிறாங்களோ இல்லையோ, கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டுக் கொண்டுவந்து கொடுத்துடறாங்க."

கதையை யாருமே படிக்கவில்லை. கண்ணாடிக்காரரின் கதையைத்தான் படித்தார்கள். படித்துவிட்டுக் கருத்தும் எழுதினார்கள். நூலகத்தம்மா சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்டவேண்டியதாயிற்று.

'212 ரொம்ப இழுக்கிறார். ஏழு மாதமாகச் சாப்பிட்டீர்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தால் கதை எப்படி நகரும்? — 130.'

'47-க்கு ஏற்கெனவே கல்யாணமாகி இருக்கும். திருப்பம் அங்கேதான். — 88.'

'முதலில் கூப்பிட்டுவிட்டு, பிறகு பொருட்படுத்தாதே என்கிறார். 212 கோழை. என் வீட்டுக்காரர் மாதிரியே. — 61.'

கண்ணாடிக்காரர் காது மடல் சிவக்கப் படித்துக்கொண்டே வந்தார். கடைசியில் எறும்பு ஊர்ந்திருந்தது.

'எதைப் பொருட்படுத்தக் கூடாது என்று பார்க்கப் பதினோரு நாள் வரிசையில் காத்திருந்தேன். பார்த்தேன். பொருட்படுத்துகிறேன். வருகிறேன். — 47.'

அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, புதுச்சட்டை வாங்கப் போனார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வருகிறவர்களெல்லாம் கண் பரிசோதனைப் பலகையைப் படிப்பதற்குப் பதிலாக அவர் வாயைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

"நீங்க லைப்ரரிக்குப் போவீங்கல்ல? அந்த இருநூத்திப் பன்னெண்டு யாருங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீங்களா இருக்குமோன்னு என் சம்சாரம் சொல்றா."

"ஐயோ, நான் இல்லீங்க! நான் கதையே படிக்கிறதில்ல."

முதல் இரண்டு பேரிடம் பொய் சொல்லும்போது நாக்கு குழறியது. இருபதாவது ஆளுக்கு, கேள்வி முடிவதற்கு முன்பே "நான் இல்லீங்க" என்று வந்துவிட்டது. தும்மல் மாதிரி தானாகவே வந்தது.

கடைசி வெள்ளியும் வந்தது. பதற்றத்தில் மதியம் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஐந்து மணிக்கே நூலகத்துக்குள் நுழைந்த கண்ணாடிக்காரர் பேயறைந்தமாதிரி நின்றுவிட்டார்.

மூன்றாம் அலமாரிப் பக்கம் எள் போட்டால் எள் விழாது. வழக்கமாகப் பத்திரிகைகளைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். வேடிக்கைக்காக ஆளுக்கொரு நீல அட்டை நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் பாவனை. போலீஸ்காரர் செய்தித்தாளில் இரண்டு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் தன் நீல அட்டை நாவலை மெதுவாக அலமாரிக்குள் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஓரமாக நின்றுகொண்டார். 'அவ வரட்டும். கண்ணாடி போடாத கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்' என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரை. ஐந்தே முக்கால். கண்ணாடி போடாத பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். அவர் புதுச்சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் நேராகச் சமையல் புத்தகப் பக்கம் போய்விட்டாள்.

"கொஞ்சம் காலை எடுக்கிறீங்களா? ஸ்குரூ விழுந்துடுச்சு."

கீழே பார்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும் ஒரு பெண், குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கையில் தடித்த கண்ணாடி, ஒரு கால் கழன்று தொங்கியது. கூட்டத்தில் யாரோ இடித்திருக்கிறார்கள்.

"கொடுங்க, நான் போட்டுத் தரேன்." சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டித் திருப்புளியையும் ஒரு ஸ்குரூவையும் எடுத்தார். கை தன் வேலையைச் செய்தது. கண் வாசலைவிட்டு நகரவில்லை. "பவர் ஜாஸ்தி போலிருக்கே?"

"அதைக் கழட்டிட்டா தூரத்துல யானை நின்னாலும் தெரியாது. கிட்ட வச்சுக்கிட்டா எறும்புக்குக் கால் எத்தனைன்னு எண்ணிடுவேன்."

"ம்... ம்..." அவர் காதில் எதுவும் ஏறவில்லை. வாசலில் யாரோ வந்தார்கள். பார்த்தார். தபால்காரர்.

அவர் வயிறு கடகடவென்று இரைந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்க. ஒண்ணு கேக்கலாமா? இங்க இருநூத்திப் பன்னெண்டு யாரு, நீங்க..."

"நான் இல்லீங்க."

"ஓ," என்றாள் அவள். சுற்றிலும் நீல அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பரவாயில்ல. வரேங்க."

"சரிங்க, சரிங்க," என்றார் கண்ணாடிக்காரர், அவள் தலை வாசலை மறைக்கிறதே என்ற எரிச்சலில்.

ஆறரை ஆயிற்று. கூட்டம் கலையத் தொடங்கியது.

"முதல் பாதி நல்லாத்தான் இருந்துச்சு, முடிவுல கோட்டை விட்டுட்டாங்க," என்றது ஒரு குரல்.

"நான் அப்பவே சொன்னேன்ல, அவன் கோழைன்னு," என்றது இன்னொன்று.

போலீஸ்காரர் ஓட்டைச் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "துப்பு எதுவும் கிடைக்கல" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு நூலகத்தம்மா ஜன்னல்களைச் சாத்தினார். மூன்றாம் அலமாரியின் ஓரத்தில் புதுச்சட்டையோடு கண்ணாடிக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அழுகையாக வந்தது. இத்தனை வயதில் நூலகத்தில் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும் என்று அடக்கிக்கொண்டார். ஏழு மாதமாக ஒரு மனுஷி இருக்கிறாள் என்று நினைத்துத்தான் சாப்பிட்டார். இனி மேலே போய், ஜாடியில் எந்தப் புத்தகத்தைச் சாய்த்து வைப்பது?

மேசைக்கு வந்து தன் உறுப்பினர் அட்டையை எடுத்து வைத்தார். "இதை வச்சுக்கங்கம்மா. இனிமே நான் வரப்போறதில்ல."

நூலகத்தம்மா அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். புதுச்சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த குட்டித் திருப்புளியைப் பார்த்தார். தன் ஆயுசிலேயே முதல்முறையாகப் பதிவேட்டை மூடி வைத்தார்.

"நாப்பத்தேழு போறப்போ ரெண்டு பேருக்குச் சேதி சொல்லிட்டுப் போனாங்க: இருநூத்திப் பன்னெண்டு இனிமே ஒரு வரிகூட எழுத வேண்டாமாம்; ஆனா கண்ணாடிக்கு ஸ்குரூ போட்டுக் கொடுத்தவர், பாவம், வெறும் வயித்தோட நின்னுட்டிருந்தாரே, அவர் சாப்பிட்டாரான்னு கேக்கச் சொன்னாங்க."