ஷகிலாவின் சந்தேகங்கள்

"ஏங்க, இங்கிலீஷ்ல இந்த ரெண்டு 'பேரு'க்கும் என்னாங்க அர்த்தம்? வாயில சொல்றப்ப ஒண்ணாத்தான் இருக்குது. எழுத்து மட்டும் வேற வேற."

அன்வர் பாஷா சோற்றுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். செருப்புக் கடையில் பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய இங்கிலீஷ் பேப்பரில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவன் செய்த தப்பு. அதை விரித்து வைத்துக்கொண்டு புதுப் பெண்டாட்டி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குக் கடையில ஒரே கூட்டம். தலை வலிக்குது. நாளைக்குச் சொல்றேன்."

"மெதுவாவே சொல்லுங்க. நீங்க படிச்சவங்க."

வலியே அங்கேதான் இருந்தது. கிருஷ்ணகிரிக்குக் கல்யாணம் பேசப் போன காஜா மாமா, பெண் வீட்டுச் சேமியா பாயசத்தின் ருசியில் மயங்கி, மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி., இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு என்று அளந்துவிட்டு வந்திருந்தார். அன்வர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்க மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

குட்டு வெளிப்பட்டால் ஷகிலாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவனுக்குக் கவலை. ஊரார் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடலாம். அவள் மனசில் தாழ்ந்து போவதைத்தான் தாங்க முடியாது. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தர்மபுரி தனி மாவட்டமான புதிது. காரிமங்கலம் கடைவீதியில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பேரெடுத்தவர் கம்பவுண்டர் ராஜப்பன். அன்வர் கடைக்கு எதிரே ஒரு டாக்டரிடம் வேலை பார்த்து, பச்சையும் சிவப்புமாய் மருந்து மிக்சர் கலந்து கொடுப்பார். வீடும் அன்வர் வீட்டுக்குப் பின்சந்துதான்.

"ரெண்டு 'பேரா'?" கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார். "இப்ப கை வேலையா இருக்கேன் பாய். சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்."

சாப்பிட்டுவிட்டு வந்ததும் கணீரென்று சொன்னார். "ஒண்ணு ஜோடி. இன்னொண்ணு பேரிக்காய்."

நாள் முழுக்க ஜோடி ஜோடியாய்ச் செருப்பு விற்கிறவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அன்வர் நொந்துகொண்டான். அதுவரை கடை மூடியதும் டீக்கடை பெஞ்சில் அரட்டை அடித்துவிட்டு, அடுப்பு ஆறிய பிறகுதான் வீட்டுக்குப் போவான். அன்றைக்கு எங்கே மறந்துவிடுமோ என்ற பயத்தில் பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்தான்.

"எம்மாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க," என்றாள் ஷகிலா. தட்டில் கூடுதலாக ஒரு தோசை விழுந்தது. கூடவே அடுத்த சந்தேகமும் விழுந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் கேட்பாள், இவன் கம்பவுண்டரைக் கேட்பான், கம்பவுண்டர் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வார், இவன் பொழுதோடு வீட்டுக்கு ஓடுவான். சூரியனும் 'சன்', மகனும் 'சன்' என்று தெரிந்த நாளில் வெள்ளைக்காரன் மேல் அவனுக்குத் தீராத கோபம் வந்தது.

"ஊரையெல்லாம் ஆண்டானுங்க, ஆளுக்கொரு சத்தம் வெக்கத் தெரியலியே," என்றான். ஷகிலா ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது அவனுக்கு.

ஒருநாள் ரெண்டு 'டியரு'க்கும் அர்த்தம் கேட்டபோது, கம்பவுண்டர் வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். "டியர் ரெண்டுமே மான்தான் பாய். ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு," என்றார்.

அதை அப்படியே ஷகிலாவிடம் ஒப்பித்தான் அன்வர். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"என்னா ஆச்சு?"

"இருமலுங்க. ரெண்டுமே மானுங்களா? சரிங்க."

எங்க வூட்டுக்காரர் இங்கிலீஷில் புலி என்று ஷகிலா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாளோ என்னவோ, விவசாயி மாதையன் புது மோட்டாரோடு வந்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இதுல என்னா போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க பாய்."

"கண்ணாடி இல்லாமப் படிக்க முடியாதுங்களே," என்று தப்பித்தான் அன்வர்.

"உங்களுக்குக் கண்ணாடி வேறயா?" என்றாள் ஷகிலா.

சொன்ன பொய்க்காகச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்ட வேண்டியதாயிற்று. அதைப் போட்டால் வாசற்படி ஒரு முழம் கீழே தெரிந்தது. முதல் நாளே தடுக்கி விழுந்து கால் கட்டைவிரல் வீங்கிற்று. ஷகிலா மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாள்.

"எங்க அண்ணன் வெள்ளிக்கிழமை வர்றாருங்க," என்றாள் பத்துப் போட்டுக்கொண்டே. "ஓசூர்ல இங்கிலீஷ் வாத்தியாரு. மச்சான்கிட்ட இங்கிலீஷ்லயே பேசணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. இன்னொரு நாள் வரச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு? வரட்டும்," என்றான் அன்வர். வாய் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே கம்பவுண்டர் வீட்டுக்குப் போனான். அவர் சம்சாரம் தீர்த்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு தீர்த்தமலைக்குப் போயிருக்காரு தம்பி. நாளைக்குத்தான் வருவாரு."

அன்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. இத்தன நாளா உங்க வூட்டுக்காரரு சொன்னதத்தான் எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அது என்னெ எவ்வளவு நம்புது தெரியுங்களா? இப்பப் போயி உண்மையச் சொல்லிடப் போறேன். என்னெ மதிக்காட்டியும் போவுது, இனிமேலும் அத ஏமாத்த மனசு வரல."

தீர்த்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அத மட்டும் பண்ணிராதீங்க. உங்க மச்சான் இன்னைக்குத் தமிழ்லதான் பேசுவாரு. நீங்க பயப்படாம வூட்டுக்குப் போங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரருக்கு மருந்து பாட்டில் பேரத் தவிர என்னா தெரியும்? சோத்துக்கு வர்றப்ப என்கிட்டதான் கேப்பாரு."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுங்களா அக்கா?"

"எனக்கு எங்க தெரியும்? நான் பின்சந்து வழியா வந்து உங்க ஷகிலாவத்தான் கேப்பேன். அண்ணனத் தமிழ்லயே பேசச் சொல்லிட்டேன்னு நேத்து அதுதான் சொல்லிச்சு. 'எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிராதீங்கக்கா, அப்புறம் பொழுதோட வூட்டுக்கு வரமாட்டாரு'ன்னு மொத நாளே என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."