குரங்குக்கு ஒரு வரிசைப் பட்டாணி

முருகனுக்குப் பயப்படாத மனிதர்கள் திருத்தணியில் இருந்திருக்கலாம். பட்டாணி நைனாவுக்குப் பயப்படாத குரங்கு ஒன்றுகூடக் கிடையாது. தகர டின்னும் கழியுமாக அவர் தோட்டத்தில் இறங்கினால் போதும், படியே மிதிக்காமல் அத்தனையும் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ரயில்வே கேட்டில் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். நான் கல்யாணமாகி அம்மையார்குப்பத்திலிருந்து வந்தபோது, அவர் தோட்டத்துக்கும் எங்கள் புழக்கடைக்கும் நடுவே ஒரு வேலிதான். பெங்களூர் போய்ப் பட்டாணி விதை வாங்கி வந்து, மழை விட்டதும் ஊன்றினார். எங்கள் நெசவுத் தெருவுக்குப் பட்டாணி என்றால் கடையில் வறுத்து விற்பதுதான். "கொடியிலேயே வறுத்துக் காய்க்குமா நைனா?" என்று கேட்டவர்கள் உண்டு.

வெயில் ஏறினால் கொடி வாடுமென்று பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். குடை கொடிக்கு, வெயில் அவருக்கு.

ஒருநாள் வேலியோரம் நின்று என் மாமியாருக்குப் பாடம் நடத்தினார்.

"யக்கா, இதுல ரெண்டு ரகம். ஒண்ணு கூட்ஸ் வண்டி. கதவத் தெறந்து சரக்க எறக்கிக்கினு வண்டியத் தூக்கிப் போட்ரணும். இன்னொண்ணு பாசஞ்சர். தட்டையா இருக்கும், உள்ள சரக்கு கெடையாது. வண்டியோடவே துன்னணும்."

"வண்டியத் துன்றதுக்கு நான் இன்னா ஆடா?"

"கூட்ஸ்லயும் வெத வழவழன்னு இருந்தா மாவு. சுருக்கம் வுழுந்தாதான் சக்கரை. உன் மூஞ்சி மாதிரி."

மாமியார் மூன்று நாள் வேலிப்பக்கம் போகவில்லை.

முதல் வருஷம் பாசஞ்சர் காயைத் தெருவுக்கே கொடுத்தார். எல்லோரும் அதை உரித்தார்கள். உள்ளே கடுகு மாதிரி நாலு மணி. அதை எடுத்துக்கொண்டு தோலை வீசினோம். தெருவில் திரிந்த ஆடு அத்தனையையும் தின்றது. "இந்தத் தெருவுல ஆட்டுக்குத்தான் வெவரம் கீது" என்று போனார் நைனா.

அடுத்த வருஷம் வெயிலுக்குத் தப்பிப் பிழைத்தது கொஞ்சம் கொடிதான். இந்தத் தடவை ஒரு காய்கூடப் பறிப்பதில்லை, எல்லாம் விதைக்கே என்று சொல்லிவிட்டார். இரண்டு ரகமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால், அடையாளத்துக்கு எங்கள் வீட்டில் நூல் கேட்டார். கூட்ஸுக்குச் சிவப்பு, பாசஞ்சருக்குப் பச்சை.

"எங்க ஊட்டு நூலு நைனா. ஒலகமே அழிஞ்சாலும் சாயம் போவாது" என்றார் மாமியார்.

இனி நான் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் ஆண்களிடம் பேசமாட்டேன், பெண்களிடமும் அவ்வளவாக இல்லை. ஆனால் கை சும்மா இருக்காது. நூல் காயப்போடும் சாக்கில் வேலிக்குள் கையை விட்டு, இதில் ஒன்று அதில் ஒன்று கடித்துப் பார்ப்பேன். கூட்ஸ் தோல் காகிதம் மாதிரி தொண்டையில் ஒட்டும். பாசஞ்சர் மொறுமொறுவென்று இனிக்கும். பத்து நாளில் நூலைப் பார்க்காமலே எந்தக் கொடி எதுவென்று எனக்கு அத்துப்படி. காய் குறையக் குறைய, நைனா மலையைப் பார்த்து டின்னைத் தட்டினார்.

தை மாதத்தில், வராத மழை வந்தது. விடிந்து பார்த்தால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. எல்லா நூலும் வெள்ளை.

"கொரங்கு மூத்திரம் பட்டா எந்தச் சாயம்தான் நிக்கும்?" என்றார் மாமியார்.

நைனா சிரிக்கவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். காய் முற்றி, இரண்டு ரகமும் வெளியே ஒரே மாதிரி இருந்தன.

"ஒடச்சிப் பாத்தா தெரியாதா நைனா?"

"கொடிக்கு ஒரு காய்தான் உட்டு வெச்சிக்கீது கொரங்கு. அத்தையும் காயறதுக்குள்ள ஒடச்சிட்டா வெதைக்கு இன்னாக்கா பண்ணுவேன்? பாசஞ்சர் இதோட போச்சு."

நான் தறிப்பக்கம் போய்ப் பச்சை நூலைத் தேடினேன்.

மறுநாள் எல்லோரும் எழுமுன் வேலி தாண்டினேன். தறியில் ஓடுகிற லுங்கி நூல், நிஜமாகவே சாயம் போகாத பச்சை. பாசஞ்சர் கொடிகளாகப் பார்த்துக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

"யக்கா! பச்ச நூலு! யாரு கட்டினாங்க?"

மாமியார் போய்க் குனிந்து பார்த்தார். தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும் முடிச்சைத்தான் போட்டிருந்தேன். நான் இடதுகைக்காரி, என் முடிச்சு மட்டும் திரும்பி விழும். அதற்காக அவரிடம் தினமும் திட்டு வாங்குகிறவள்.

நிமிர்ந்தார். "வேற யாரு, கொரங்குதான். நாளெல்லாம் எங்க தறியவே பாத்துக்கினு கீதுங்க, கத்துக்கினு இருக்கும்."

"முடிச்சு திரும்பிக் கீதே?"

"எடங்கைக் கொரங்கா இருக்கும். இந்தாமே, நைனாவுக்குத் தண்ணி குடு."

பதற்றத்தில் டம்ளரை இடதுகையால் நீட்டிவிட்டேன். நைனா கையைப் பார்த்தார். "ஆங்" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கப்பா. தப்பா டின்னு தட்டிட்டேன்."

அடுத்த வருஷம் எங்கள் வேலியை ஒட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில், பாசஞ்சர் மட்டும் தனியாக ஒரு வரிசை வந்தது. டின் சத்தமே இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கையை விட்டேன்.

கொடியில் பச்சை நூல் கட்டியிருந்தது. முடிச்சு திரும்பி விழுந்திருந்தது.

நைனா வலதுகைக்காரர். எத்தனை தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாரோ.