பின்பக்கம் சரிந்த வண்டி

கார் வாங்கப் போகிற எல்லோரும் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தலை இடிக்கவில்லை என்றால் சந்தோஷப்படுவார்கள். வலங்கைமான் உரக்கடை இளஞ்செழியன் மட்டும் தலை இடித்ததும் சந்தோஷப்பட்டார்.

"எனக்கே இடிக்குதே! என்னைவிட நாலு விரல் உயரமான ஆளுக்கு?"

தஞ்சாவூர் ஷோரூம் மேனேஜர் முபாரக் சங்கடத்துடன் கைகளைப் பிசைந்தார். "கழுத்தைச் சாய்ச்சுத்தான் சார் உட்காரணும். இது கூபே மாடல். ஸ்போர்ட்டியா தெரியணும்னு பின்பக்கம் கூரையைச் சரிச்சுட்டாங்க. குடும்பத்தோட போறதுன்னா ஏழு சீட்டு வண்டி ஒண்ணு இருக்கு, தாராளமா..."

"அந்தப் பேச்சை விடுங்க. பின் கண்ணாடி ஏன் இவ்ளோ குறுகலா இருக்கு?"

"அதுவும் ஸ்டைலுக்குத்தான் சார்."

"பிரமாதம். சிவப்புல ஒண்ணு புக் பண்ணுங்க."

மனுஷனுக்குப் புத்தி பிசகவில்லை. அவர் கஷ்டம் அவருக்கு. மச்சான் ராஜராஜன் மன்னார்குடியில் இருக்கிறார். சிங்கப்பூரில் இருபது வருஷம் சம்பாதித்துவிட்டு வந்து, இப்போது பக்தியை மட்டும் முழுநேர வேலையாகச் செய்கிறார். குருப்பெயர்ச்சி என்பார், ராகு கேது பெயர்ச்சி என்பார். வானத்தில் எந்தக் கிரகம் நகர்ந்தாலும் பூமியில் இளஞ்செழியன் காரை எடுத்தாக வேண்டும். விடியற்காலையில் திங்களூரில் தொடங்கி ராத்திரி திருநள்ளாறில் முடிகிற ஒன்பது கோயில் சுற்று. பழைய காரில் இதுவரை பதினான்கு தடவை ஓட்டியாயிற்று. ஒன்பது வாசலிலும் செருப்புக்குக் காவல் இருக்கிற பொறுப்பும் அவருடையதுதான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்க வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

மச்சானை வராதே என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அப்புறம் சொந்த வீட்டில் சோறு தின்ன முடியுமா? ஆனால் மச்சான் தலையே இடித்து மச்சானை விரட்டினால் யாரைக் குறை சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து மனைவி பிரகதீஸ்வரியிடம் செல்போனில் படத்தைக் காட்டினார்.

"என்னங்க இது, பின்பக்கம் யாரோ ஏறி மிதிச்ச மாதிரி இருக்கு? அண்ணன் எப்படி இதுல உட்காருவார்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"நான் என்ன பண்றது பிரகதி? ஜோசியர் சொல்லிட்டார். எனக்கு அஷ்டமச் சனி ஆரம்பிச்சிருக்காம்."

"எப்ப சொன்னார்?"

"போன வாரம். யூரியா வாங்க வந்தார்ல, அப்ப."

பிரகதீஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கணவருடைய ஜாதகம் அவள் பீரோவில், அவள் புடவைக்கு அடியில்தான் முப்பது வருஷமாக இருக்கிறது. அதை அந்த நேரத்தில் இளஞ்செழியன் நினைத்துப் பார்க்கவில்லை. பாவம்.

"அதுக்கும் காருக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பெட்டி மாதிரி வண்டி ஆகவே ஆகாதாம். பின்பக்கம் சரிஞ்சிருக்கணுமாம். அப்பதான் சனி ஏறி உட்கார இடம் இல்லாம வழுக்கிடுவாராம்."

"ஜோசியரே சொன்னாரா, வழுக்கிடுவார்னு?"

"அவரேதான்."

"அப்ப சரிங்க. இதையே எடுத்துடுவோம்."

இவ்வளவு சுலபமா! இளஞ்செழியனுக்கு நம்பவே முடியவில்லை.

"ஆனா அஷ்டமச் சனி நடக்கறப்ப உங்க பேர்ல வண்டி வேணாம். என் பேர்ல பதிஞ்சுடுங்க. அப்புறம், கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கா எடுங்க. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு உங்க முட்டி தேஞ்சு போச்சு."

அன்று இளஞ்செழியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பெண்ணையா ஏமாற்றினோம் என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு மச்சானின் உயரத்தை நினைத்துக்கொண்டார், வருத்தம் போய்விட்டது.

சிவப்பு வண்டி வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் பிரகதீஸ்வரி காலை ஆறு மணிக்கு வாக்கிங் போனாள். சர்க்கரை நோய் வராமல் இருக்கவாம். இளஞ்செழியன் கடையில் உட்கார்ந்து வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சந்தனம் பூசி, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராஜராஜனும் அவர் மனைவி அனுராதாவும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். இளஞ்செழியன் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"உட்காருங்க மச்சான், உட்காருங்க."

டொக்!

கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த ஐயருக்கே சத்தம் கேட்டது. ராஜராஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "இது நமக்குத் தோதுப்படாது மாப்ள. ரெண்டு கிலோமீட்டர் போனா கழுத்து போயிடும்."

"அடடா! பார்க்காம எடுத்துட்டேனே மச்சான்!"

முகத்தைப் படாதபாடு பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டார் இளஞ்செழியன். மனசுக்குள் அவர் ஏற்கெனவே பாயை விரித்துப் படுத்தாயிற்று. அதே பூரிப்போடு ஓட்டுநர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார்.

"என்னங்க, அங்க எங்க போறீங்க?"

"வண்டியை எடுக்கத்தான்."

"நல்லா இருக்கே! அஷ்டமச் சனி நடக்கறவங்க புது வண்டி ஸ்டியரிங்கைத் தொடலாமா?"

"என்ன மாப்ள, அஷ்டமச் சனியா!" ராஜராஜன் பதறிவிட்டார். "தொடவே கூடாது. கையை எடுங்க முதல்ல."

"அப்ப யார் ஓட்டறதாம்?"

பிரகதீஸ்வரி கைப்பையைத் திறந்து புத்தம்புது லைசென்ஸை எடுத்துக் காட்டினாள்.

"வாக்கிங் போறேன்னு சொன்னியே!"

"நடந்துதாங்க போனேன். டிரைவிங் ஸ்கூல் வரைக்கும்."

அப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம்தான். எனக்குச் சனியும் இல்லை, ஒரு சங்கடமும் இல்லை, உங்கள் மண்டை இடிக்கட்டும் என்றுதான் பொய் சொன்னேன் மச்சான் என்று சொல்ல வேண்டும். அதுவும் எரிகிற கற்பூரத்துக்கு முன்னால், மாரியம்மன் வாசலில். இளஞ்செழியன் வாயைத் திறந்தார். ஐயர் அதில் தீர்த்தத்தை ஊற்றினார்.

"அண்ணன் முன்னாடி உட்காரட்டும், அங்கதான் காலை நீட்டலாம். அண்ணி குள்ளம்தானே, பின்னாடி சரியா இருக்கும். நீங்க அண்ணி பக்கத்துல உட்காருங்க."

"எங்க போறோம்?"

"எல்லாம் உங்களுக்காகத்தாங்க. ஒன்பது கோயிலும் பார்த்துட்டு, கடைசியா திருநள்ளாறுல எள் விளக்கு போட்டுட்டு வந்துடலாம். ரெண்டரை வருஷம்தானே, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போனா சரியாப் போயிடும்."

மடியில் தேங்காய்ப் பை. காலடியில் எல்லோருடைய செருப்பும். கழுத்தை ஒருபுறமாகச் சாய்த்து இளஞ்செழியன் உள்ளே நுழைந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சும்மா சொல்லக் கூடாது, பிரகதீஸ்வரி நன்றாகவே ஓட்டினாள். சாலை மட்டும் நன்றாக இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டொக். ராஜராஜன் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "வண்டி சூப்பர் மாப்ள!" என்றார்.

ஆலங்குடி நெருங்கும்போது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நல்ல தார் ரோடு வந்தது. இளஞ்செழியன் மெதுவாகக் கழுத்தை நிமிர்த்தினார்.

பிரகதீஸ்வரி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. பின்னாடி வர்ற பஸ் தெரியல."