எல்லவிலிருந்து போன் வரும் வரை

வியாழக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, புவனேந்திரன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை அறிவித்தார்.

"சனிக்கிழமை நான் எல்லவுக்குப் போறேன். கூப்பிட்டாலும் போறேன், கூப்பிடாட்டியும் போறேன்!"

நுரை பறந்து கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்த விசிட்டிங் கார்டிலும் விழுந்தது. மனைவி சிவசக்தி முதலில் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கார்டைக் கையில் எடுத்து, நிதானமாக, அதையும் துடைத்தாள்.

பதுளை டவுனில் 'புவனா சவுண்ட்ஸ்' புவனேந்திரனுடையது. பதினான்கு வயதில் இன்னொருவன் கடையில் வயர் சுற்றத் தொடங்கி, ஏச்சும் வாங்கி, கரண்ட் அடியும் வாங்கி, கடைசியில் சொந்தமாக நான்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கியவர். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டிகள் முழங்கின. ஆனால் மனசுக்குள் அவர் ஜமேக்கா நாட்டு ரெகே பாட்டுப் போடும் ஒரு டி.ஜே. சிவப்பு, மஞ்சள், பச்சையில் பின்னிய கம்பளித் தொப்பிகூட வைத்திருந்தார். தொப்பிக்கு அடியில் முடிதான் இல்லை.

அவருக்கு இரண்டு சட்டம். முதலாவது கடைப் போர்டிலேயே சிவப்புப் பெயின்டில் இருந்தது: 'முற்பணம் இல்லாமல் பெட்டி ஏறாது.' இரண்டாவதை எழுதி வைக்கவில்லை, தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்: விலை சொன்ன பிறகு முதலில் போன் போடுகிறவன் தோத்தான்.

இந்த இரண்டாவது சட்டத்தில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தார். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஜீவன் போன கிழமை வந்து, "சனியோ ஞாயிறோ ஒரு ரெகே நைட் போடணும், எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்டார். புவனேந்திரன் ஒரு விலை சொன்னார். ஜீவனுக்கு இருமல் வந்தது. "பாத்துச் சொல்றேன்" என்று கார்டைக் கொடுத்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

அவர் சொன்னதில் ஞாயிற்றை மட்டும் புவனேந்திரன் அன்றைக்கே மறந்துவிட்டார். சனிக்கிழமை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சிவசக்தியின் அண்ணன் கிரிஷாந்தன் மகளுக்குப் பெரியமனுசி சடங்கு. சவுண்ட் மாமா பொறுப்பு. மாமா பொறுப்பு என்றால் காசு கிடையாது. எல்லவில் வேலை இருந்தால் அந்தப் பொறுப்பும் கிடையாது.

"அவரு இன்னும் சரின்னு சொல்லலையே?" என்றாள் சிவசக்தி.

"சொல்லுவான்."

"அட்வான்ஸ்?"

"வரும்."

"போர்டுல என்னமோ சிவப்பா எழுதியிருக்கே."

"அது மத்தவங்களுக்கு."

"சரி, அங்க போயி நின்னுக்கிட்டு என்னன்னு சொல்லுவீங்க?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லுவேன்."

"நாலு பெட்டி, ஜெனரேட்டர், கலர் லைட்டு எல்லாத்தையும் லொறில ஏத்திக்கிட்டு, சும்மா?"

புவனேந்திரன் வாய் கொப்பளித்தார். பதில் சொல்வதைவிட அது வசதியாக இருந்தது.

"ஒரு போன் போட்டுக் கேட்டுறலாம்ல?"

"நானா? நான் போன் எடுத்தா கெஞ்சுறேன்னு நெனைப்பான். அந்த நிமிசமே வெலை பாதி! இருபத்தஞ்சு வருச அனுபவம் பேசுது, சக்தி!"

"அனுபவம் கொஞ்சம் மெதுவாப் பேசட்டும். பக்கத்து வீட்டுல புள்ள தூங்குது. ஆமா, என்ன வெலைதான் சொன்னீங்க?"

சொன்னார்.

"ஓ," என்றாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு கறிக்கு ரம்பை இலை பறிக்கப் பின்பக்கம் போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். அன்றைய கறியில் ரம்பை இல்லை. புவனேந்திரன் அதைக் கவனிக்கவில்லை. உப்புக் குறைந்தால்தான் அவருக்குக் கவனம் வரும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவருடைய போன் அவரோடு சாப்பிட்டது, அவரோடு கக்கூசுக்குப் போனது, அவர் குளிக்கும்போது பொலித்தீன் பைக்குள் தொங்கியது. இரண்டே முறை அடித்தது. ஒன்று கிரிஷாந்தன்: "மச்சான், பெட்டி எத்தன மணிக்கு வரும்?" மற்றது யாரோ லோன் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்ட ஒரு பெண். அவளுக்கு விழுந்த ஏச்சில் பாதி ஜீவனுக்குச் சேர வேண்டியது.

சாயந்திரம் சிவசக்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பக்கத்தில் கித்துள் கருப்பட்டி. சண்டைக்கு வருகிறவள் கருப்பட்டி கொண்டுவர மாட்டாள். புவனேந்திரன் உஷாரானார்.

"ஒரு முடிவுக்கு வருவோங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள போன் வந்தா எல்ல. வராட்டி ஸ்பிரிங்வெளி."

பேரம்! ஒரு நாள் முழுக்க வாடிக்கிடந்த மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டு!"

"ஒம்பது."

"பதினொண்ணர!"

"பத்துங்க. சீர்த்தட்டு தூக்குற நேரம்."

"பத்தர! அதுக்கு மேல ஒரு நிமிசம் எறங்க மாட்டேன். இன்னொண்ணு. ஸ்பிரிங்வெளின்னு ஆனா, பாதிப் பாட்டு ரெகே."

"சடங்கு வீட்டுலயா? கால்வாசி வச்சுக்கங்க."

"பாதி!"

சிவசக்தி பெருமூச்சு விட்டாள். "உங்ககிட்டப் பேசி யாரு ஜெயிக்கிறது? பாதி."

இரண்டு பேரமும் ஒரே கோப்பைத் தேத்தண்ணியில்! அவர் கருப்பட்டியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து இருபத்தொன்பதுக்கு, சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று கதிரை மேல் ஏறி நின்றார். பத்தரை. போன் பேசவில்லை. பத்து முப்பத்தைந்து. "இந்த மணிக்கூடு முந்துது," என்றார். அதற்குள் சிவசக்தி மடியில் சீர்த்தட்டோடு லொறியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லவுல ஒருத்தனுக்கும் பாட்டு ரசனை கெடையாது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, பெட்டிகளைத் தனி ஆளாக ஏற்றினார். கோபத்தில் தூக்கினால் பெட்டி கனப்பதில்லை.

ஸ்பிரிங்வெளியில் லயத்து வீடுகளுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கினார். தண்ணி ஊற்றி, சீர் இறக்கி, சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை சினிமாப் பாட்டு. அது சிவசக்தியின் பாதி. பிறகு மூன்று வர்ணத் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் பாதியைத் தொடங்கினார்.

லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்று பார்த்தார்கள். புவனேந்திரனின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

சீரோடு தப்படித்து வந்த மாடசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். "அட, இது நம்ம அடிதான்யா. அவன் கொஞ்சம் தூங்கித் தூங்கி எந்திரிச்சு அடிக்கிறான்!" தப்பை நெருப்பில் காட்டி, ரெகே தூங்குகிற இடமெல்லாம் பார்த்து இவர் அடித்தார். அவ்வளவுதான். பெரட்டு கலைந்தது. கிரிஷாந்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்கள். மாலையும் பட்டுப்புடவையுமாக இருந்த மருமகள் மேனுஷாவே கதிரையை விட்டு இறங்கி, "மாமா, இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று குதித்தாள்.

புவனேந்திரனுக்குக் கண் கலங்கியது. எல்ல என்ன பெரிய எல்ல!

சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது.

"அண்ணே, ஜீவன் பேசுறேன். நாளைக்கு எத்தன மணிக்கு வந்து பெட்டி வைப்பீங்க?"

கண்ணீர் அந்த நிமிசமே காய்ந்தது. "நீங்கதான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே! வெலை பேசி முடிக்காம..."

"என்னண்ணே, வியாழக்கிழமையே ஒங்க மேனேஜர் மேடத்தோட பேசி முடிச்சு அட்வான்சும் போட்டாச்சே! நான் கொறைக்கப் பாத்தேன். அவங்க லொறிச் செலவு, ரெண்டு பேரு சாப்பாடு எல்லாம் சேத்து ஏத்திட்டாங்க. யப்பா, என்னா பேரம்!"

"அப்ப எனக்கு ஏன்யா ஒரு போன் பண்ணல?"

"அவங்கதான் சொன்னாங்க, சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் போன் பண்ணாதீங்க, டி.ஜே. பிராக்டிஸ்ல இருப்பாருன்னு."

புவனேந்திரனின் முகம் தொப்பியின் சிவப்புக்கு வந்தது. "சக்தி!"

மைக் பக்கத்தில் நின்ற சிவசக்தி ஒரு காகிதத்தை அவர் கையில் வைத்தாள். "கத்துறதா இருந்தா மைக்குல கத்துங்க. சீர் லிஸ்ட்டு வாசிக்கணும், சனம் காத்துக்கிட்டு இருக்கு."

சீர் வாசிப்பது சவுண்ட்காரர் வேலை. கோபத்தில் கடகடவென்று வாசித்தார். "கீழ்லயத்து பாக்கியலெட்சுமி, குத்துவிளக்கு ஒன்று! மாடசாமி குடும்பம், எவர்சில்வர் குடம் ஒன்று! அத்தை சிவசக்தி, மாமா புவனேந்திரன், எல்ல ரெகே நைட் முற்பணத்தில் வெள்ளிக் கொலுசு ஒரு சோ..."

வாய் நின்றது. பெட்டி நிற்கவில்லை. நாலு பெட்டியும் அதை எதிர் மலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஸ்பிரிங்வெளியே கைதட்டியது. மேனுஷா புடவையைத் தூக்கி, காலை ஆட்டிக் காட்டினாள்.

சிவசக்தி மைக்கை அணைத்தாள்.

"போர்டுல போட்டிருக்குல்லங்க? முற்பணம் வந்தாச்சு. பெட்டிய ஏத்துங்க."