கனடா பென்ஷனும் கிளைட் பூரிண்டனின் ஞானமும்

காலிஸ், மெயின் மாநிலம்
ஏப்ரல் 3

அன்புள்ள மாப்பிள்ளை ரெஜினால்டுக்கு,

நானும் லொரெட்டாவும் நலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீங்களும் என் தங்கையும் நலமென்று நம்புகிறேன். ஓய்வு பெற்றதும் கனடாவை விட்டு இந்தப் பக்கம் குடிவரப் போகிறீர்களாமே, வாருங்கள். ஆனால் கடைத்தெருவில் 'வரி நிபுணர்' என்று பலகை மாட்டியிருக்கும் கிளைட் பூரிண்டனின் வாசலை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், அங்கே படகு ஓட்டிச் சம்பாதித்த என் கனடா அரசு பென்ஷன் காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அதிலிருந்த மேப்பிள் இலையைப் பார்த்ததுமே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வென்டல், இது வெளிநாட்டுப் பணம்யா. இங்க காட்ட வேணாம்" என்றார். பாலத்தில் நடந்தே பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய வெளிநாடு! நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன், வருடா வருடம். இந்தப் பிப்ரவரியில், நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் ஹெஸ்டர் குட்வின் அம்மாளிடம் இந்தப் பென்ஷனைப் பற்றிச் சும்மா பேச்சுக்கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, "எத்தனை வருஷமா காட்டல?" என்றாள். நான் மூன்று விரலைக் காட்டினேன்.

"ஜெயிலா?"

"ஜெயிலும் இல்ல, மண்ணும் இல்ல. இங்க குடியிருக்கறவங்களுக்கு கனடா அரசு பென்ஷனும் இந்த நாட்டு அரசு பென்ஷன் மாதிரிதான். ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அமெரிக்க டாலரா மாத்தி, படிவத்துல அந்தப் பென்ஷனுக்கு இருக்கற அதே வரியில எழுதணும், அவ்ளோதான்."

அந்த ஒரு வரி தெரியாததால் மூன்று வருட வரி பாக்கி! வீட்டுக்கு வந்து சொன்னால் லொரெட்டா, "உன்ன நாடு கடத்தினா நான் வரமாட்டேன், அங்க குளிரு" என்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனிக் குளிராம்! திருத்திய படிவங்கள் மூன்றையும் அனுப்பி, பாக்கியையும் வட்டியையும் கட்டித் தொலைத்துவிட்டு, நேரே பூரிண்டனிடம் போனேன்.

"என்னைத் திருடனாக்கப் பாத்தியே!"

"ஊகிச்சேன் வென்டல். ஊகத்துக்குத்தானே காசு வாங்கறேன்" என்கிறார், கூச்சமே இல்லாமல். இந்த மனிதரை நம்பித்தான் ஊரே கையெழுத்துப் போடுகிறது.

தங்கைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களையும் உங்கள் பென்ஷன் காகிதங்களையும் நிபுணர்களிடமிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
வென்டல் ஆர்சனோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பூரிண்டனே வாசலில் வந்து நின்றார். இந்த ஊரில் கனடா பென்ஷன் வாங்கும் அத்தனை பேருக்கும் அவர் அதே ஊகத்தைத்தான் சொல்லியிருக்கிறாராம்; எல்லோரும் இப்போது அவர் கடையில்தான் நிற்கிறார்களாம். "நீதான் இதைக் கரைச்சுக் குடிச்சிருக்கியே, வந்து கூட உக்காரு" என்றார். திங்கட்கிழமை முதல் பலகையில் என் பெயரும் இருக்கும்: கனடா விவகார நிபுணர். ஆகவே அங்கே இங்கே அலையாமல் நேராக எங்கள் கடைக்கே வாருங்கள். சொந்தக்காரர்களுக்குத் தள்ளுபடி கிடையாது.