மண்டி மாடியில் ஆறு மகாராணிகள்

உலக வரலாறு லண்டனிலும் பாரிஸிலும் எழுதப்படுவதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள் உண்டு. அது கம்பத்தில், ஈஸ்வரபாண்டியின் வாழைக்காய் மண்டி மாடியில், மாதாமாதம் முதல் செவ்வாயன்று மாலை நான்கு மணிக்கு, உளுந்த வடையுடன் எழுதப்படுகிறது.

எழுதுவது ‘பள்ளத்தாக்குத் தொன்மை மீட்புப் பேரவை’. தலைவர் ஈஸ்வரபாண்டி. செயலாளர், தேனி பஜாரில் படங்களுக்குச் சட்டம் போடும் ஜெபராஜ். மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது ஆறு அச்சுப்படங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று பெண்கள். சிவப்பு ரவிக்கை, மார்பில் பாசிமணி, கறுப்புப் பாவாடை, அதன் முன்னால் பூவேலை செய்த வெள்ளைத் துணி. இரண்டு பேர் தலையில் கிரீடம்.

கிரீடம் இருந்ததால் மகாராணி. படம் மலையில் கிடைத்ததால் மலையை ஆண்ட மகாராணி. மலையடிவாரத்தில் ஈஸ்வரபாண்டிக்கு எட்டு ஏக்கர் இருந்ததால் அவருடைய பாட்டி. இந்த முடிவுக்கு வர மூன்றே கூட்டங்கள்தான் ஆயின. நிறத்துக்குக் காரணம் மலைக் குளிர் என்று ஜெபராஜ் விளக்கிவிட்டார். படங்களின் அடியில் அச்சிட்டிருந்ததை மட்டும் பேரவையில் யாரும் படிக்கவில்லை. படித்தால் ஆராய்ச்சியில் பாரபட்சம் வந்துவிடும் என்று தீர்மானமே இருக்கிறது.

நாலாவது கூட்டத்துக்குப் பவானியை அழைத்திருந்தார்கள். போடியில் கல்யாணப் பெண்களுக்கு நகை செட் வாடகைக்கு விடுகிறவள். அவள் மகள் சுபாஸ்ரீக்கும் தலைவரின் மகன் கார்த்திக்ராஜுக்கும் வருகிற தையில் கல்யாணம். தலைவர் கட்டிய புது மண்டபத்தில், மகாராணிகளின் ‘திருவுருவங்களுக்கு’ எதிரே. ‘இவை அசல் அரச நகைகள்’ என்று ஒரு நிபுணர் கையெழுத்துப் போட்டால் அறிக்கை முழுமை பெற்றுவிடும். சம்பந்தியே நிபுணராக அமைவது எல்லாப் பேரவைக்கும் வாய்ப்பதில்லை.

பவானி கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை நகர்த்தினாள்.

“அண்ணே, இந்தப் பொண்ணு கிரீடத்துல இடது பக்கம் மூணாவது தொங்கல் இல்ல. அங்கன இருக்கிற பொண்ணு கிரீடத்துலயும் அதே தொங்கல் இல்ல.”

“ஒரே வம்சம்ல ஆத்தா. பரம்பரை நகை.”

“மொகச்சாடை கொஞ்சமும் ஒட்டலயே? இவளுக்குக் கிரீடம் நெத்தியில எறங்கி நிக்கிது. அவளுக்குத் துணியச் சுருட்டி உள்ள வச்சிருக்காக. சொந்த நகைன்னா தலைக்கு அளவெடுத்துல்ல செஞ்சிருப்பாக? இது வாடகை செட்டுண்ணே.”

கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த ஜெபராஜ் நிமிர்ந்தார். “மகாராணி எதுக்கும்மா வாடகைக்கு எடுக்குறாக?”

“மகாராணி எடுக்க மாட்டாக. நம்மள மாதிரி ஆளுகதான் எடுப்போம்.”

மூலையில் இருந்த கார்த்திக்ராஜ் செல்போனைத் தூக்கிக் காட்டினான். “அத்தை சொல்றது சரிப்பா. அடியில அச்சடிச்சிருந்தத நான் படிச்சேன், நார்வேன்னு இருந்துச்சு. அங்க ஒரு மியூசியத்துக்குப் படத்தை அனுப்பிக் கேட்டேன். பதில் வந்துருச்சு. ஹார்டாங்கர்ங்கிற பக்கத்து விவசாயிக நல்ல நாளுக்கு உடுத்துற உடுப்பாம். கிரீடம் சர்ச்சுல இருக்குமாம். கல்யாணத்துக்கு வாங்கிட்டுப் போயித் திருப்பிக் குடுத்துருவாகளாம்.”

“குடியானவுகளா?” ஈஸ்வரபாண்டி கடித்த வடையைத் தட்டிலேயே போட்டார். “மாட்டுச் சாணி அள்ளுறவுகளப் போயி பாட்டின்னு மண்டபத்துல மாட்டச் சொல்றியாலே? ஏத்தா, நீ கையெழுத்தப் போடு. போட்டா தையில கல்யாணம். இல்லாட்டி, வாடகை நகை வீட்டுல பொண்ணெடுக்கணும்னு எங்க வம்சத்துக்கு என்ன தலையெழுத்து?”

பேனா பவானியின் கைக்கு வந்தது. இரண்டு வருடமாகக் காத்திருக்கும் மகளின் முகம் கண்முன் வந்தது. ஒரே ஒரு கையெழுத்து. அவளிடம் வாங்கிய செட்டை ‘எங்கள் பரம்பரை நகை’ என்று சபையில் சொல்லிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு நாளும் அவள் வாய் திறந்ததில்லை. அது தொழில் தர்மம். ஆனாலும் கை ஓடவில்லை. பயத்தை மீறிக் கோபம் வந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

“எங்கிட்ட எடுக்குறவுக மறுநாள் காலையில திருப்பிக் குடுத்துருவாகண்ணே. நீங்க அடுத்தவுக பாட்டிய எடுத்துட்டுத் திருப்பித் தர மாட்டேங்கிறீக. அது சரி, உங்களப் பெத்த நல்லகண்ணு ஐயா படம் எங்க? மண்டபத்துல காணமே?”

கார்த்திக்ராஜ்தான் சொன்னான்.

“குடோன்ல இருக்கு அத்தை. தாத்தா வாழைத்தாரச் சொமந்துக்கிட்டு கோவணத்தோட நிக்கிறாக. மண்டபத்துக்குப் பொருந்தாதுன்னு அப்பா எறக்கிட்டாக.”

கல்யாணம் தையில்தான் நடந்தது, பதிவாளர் அலுவலகத்தில். தலைவர் வரவில்லை; அன்றைக்குப் பேரவையின் ஐந்தாவது கூட்டம்.

பேரவையைக் குறை சொல்பவர்கள் அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்க வேண்டும். ஆறு பெண்களையும் குடோனுக்கு அனுப்பி, நல்லகண்ணுவின் பக்கத்தில் சுவரோரம் சாத்தி வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. நாடு, நிறம், மொழி என்று அங்கே எந்தப் பாகுபாடும் கிடையாது. மண்ணைக் கிளறிச் சாப்பிட்ட ஆள் என்று தெரிந்துவிட்டால், நார்வேக்காரியானாலும் பெற்ற தகப்பனானாலும் ஒரே நீதிதான்.